உச்சியில் ஓர் ஆள் அதிகம்

அத்தியாயம் ஒன்பது

செபு நகரத்தில் மழை பெய்தால் கிரிசந்தா அபெல்லானாவின் அலுவலகத்துக்குள்ளும் பெய்யும். அன்று காலை மூன்று இடங்களில் பெய்தது. உதவியாளன் நீலோ இரண்டு இடத்தில் வாளி வைத்துவிட்டு, மூன்றாவது இடத்துக்குத் தன் காபிக் கோப்பையைத் தியாகம் செய்திருந்தான்.

எதிரே நாற்காலி நுனியில் எஸ்தெலா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்பது நாட்களாக அவள் கறுப்பைத் தவிர வேறு உடுத்தவில்லை. அவள் புருஷன் ஆர்னெல், அல்தூரா கோபுரத்தில் வழிகாட்டியாக இருந்தவன். நாற்பத்தாறாவது மாடிக்கு மேல், கட்டடத்தின் வெளிப்புறமாகப் போகும் இரும்புப் படிகளில் சுற்றுலா வந்தவர்களை உச்சிவரை ஏற்றி இறக்குவது அவன் வேலை. ஒரு நாள் காலை, முதல் குழு வருவதற்கு முன், படிகளைச் சரிபார்க்கத் தனியாக வெளியே போனான். எட்டாவது வளைவிலிருந்து விழுந்து செத்தான்.

"நாளைக்கு நாப்பதாம் நாள், மேடம்," என்றாள் எஸ்தெலா. "நாளையோட அவர் இந்த மண்ணை விட்டுக் கிளம்பிடுவார். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். விழுந்தாரா, குதிச்சாரா? குதிச்சார்னா, என்னை வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்கார். அப்ப நாளைக்கு ஜெபத்துல நான் என்னன்னு வேண்டிக்கிறது?"

முப்பது வருஷம் போலீஸில் இருந்த கிரிசந்தாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. ஒரு துண்டு உலர்ந்த மாம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, எஸ்தெலா கொண்டுவந்த உறையைப் பிரித்தாள்.

"அவர் இன்னும் அங்கதான் இருக்காராம்," என்றாள் எஸ்தெலா, குரலைத் தாழ்த்தி. "உச்சிக்குப் போனதும் ஆள் எண்ணுவாங்க இல்லையா? எப்பவும் ஓர் ஆள் அதிகமா வருதாம். ஒரு குரல். ஆம்பளைக் குரல். குதிச்சவங்களுக்குப் போக வழி கிடைக்காதுன்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க."

நீலோவின் பிடரி சிலிர்த்தது. அதை மறைக்க வாளியை இடம் மாற்றி வைத்தான்.

உறையில் இருந்தது கம்பெனியின் அறிக்கை. சாரம் இதுதான். ஒரு வழிகாட்டி இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு, கொக்கியைப் பாதுகாப்புக் கம்பியில் மாட்டித் திருகை மூடவேண்டும். இன்னொரு வழிகாட்டி அந்தக் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் நிற நாடாவை வாரில் கட்டவேண்டும். தனக்குத்தானே யாரும் நாடா கட்டிக்கொள்ளக் கூடாது. ஆர்னெலின் நிறம் மஞ்சள்; மற்ற இரண்டு வழிகாட்டிகளில் ரோவேனாவுடையது சிவப்பு, ஜோவித்துடையது பச்சை. செத்தவனின் வாரில் பச்சை நாடா இருந்தது. கொக்கியின் திருகோ திறந்து கிடந்தது. அன்று காலை ரோவேனா இன்னும் வந்து சேரவில்லை. ஜோவித் விடுப்பில், மாமாவின் சாவுக்குப் போயிருந்தான். ஆகவே ஆர்னெல் தானே பச்சை நாடாவை எடுத்துக் கட்டிக்கொண்டு, தானே திருகைத் திறந்து குதித்தான் என்று கம்பெனி முடிவு கட்டியிருந்தது.

"சுத்தமா இருக்கு மேடம்," என்றான் நீலோ. "நம்ம கூரை இவ்வளவு சுத்தமா அடைச்சிருந்தா என் காபி தப்பிச்சிருக்கும்."

"ஜோவித் எழுதிக் கொடுத்ததைப் படி."

நீலோ படித்தான். "கர்கார் ஊரில் என் மாமாவின் சவத்தோடு இரண்டு இரவு கண்விழித்தேன். அன்று விடியற்காலை பேருந்து ஏறினேன். நேரே வீட்டுக்குப் போனேன்."

"கடைசி வரியை இன்னொரு தரம்."

"நேரே வீட்டுக்குப் போனேன்." நீலோ நிறுத்தினான். "நேராவா?"

எஸ்தெலாகூட அழுகையை மறந்து நிமிர்ந்து பார்த்தாள்.

சாவு வீட்டிலிருந்து இந்த ஊரில் எவனும் நேரே வீட்டுக்குப் போகமாட்டான். வழியில் ஒரு ரொட்டிக் கடையிலோ சந்தையிலோ கொஞ்ச நேரம் நின்று, கூட ஒட்டிக்கொண்டு வந்ததை அங்கே உதறிவிட்டுத்தான் தன் வாசலை மிதிப்பான். படித்தவன், படிக்காதவன் என்ற பேதமே கிடையாது. செபுவில் பாதி ரொட்டிக் கடைகள் செத்தவர்கள் புண்ணியத்தில்தான் பிழைக்கின்றன என்பது நீலோவின் கட்சி.

"இதை எழுதி வாங்கினது யாரு?" என்று கேட்டாள் கிரிசந்தா.

"காப்பீட்டு ஆபீஸ்லேர்ந்து வந்த ஆஸ்திரேலியாக்காரர்," என்றாள் எஸ்தெலா.

"அதான். நம்ம ஊர் ஏட்டா இருந்தா இந்த வரியிலயே பேனாவை வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்திருப்பான். ஜோவித்துக்குக் குழந்தை இருக்கா?"

"அப்ப ஒரு மாசக் குழந்தை."

கிரிசந்தா மாம்பழத்தை மென்று முடித்தாள். "நீலோ, குடையை எடு. பொய் சொல்றவன் எதை வேணாலும் விட்டுடுவான். அவன் மாமியார் விடமாட்டா."

*

ஜோவித்தின் மாமியார் பாசிங், தலிசாய் கடற்கரைப் பக்கம் இருந்தாள். மழை விட்டுவிட்டதால் கருவாட்டுத் தட்டுகளை மறுபடி வெளியே பரப்பிக்கொண்டிருந்தாள். ஆள் குள்ளம். குரல் மட்டும் பக்கத்துத் தெருவரை போகும்.

"நாங் பாசிங்," என்று மூத்தவளுக்குரிய மரியாதையோடு ஆரம்பித்தாள் கிரிசந்தா, "மாமா சாவுக்குப் போன உங்க மருமகன் சவத்துகிட்டேர்ந்து நேரே இந்த வீட்டுக்கு வந்ததா எழுதிக் கொடுத்திருக்கான். உள்ள பச்சைக்குழந்தை. நீங்களும் சும்மா விட்டுட்டீங்களா?"

பாசிங்கின் கையிலிருந்த கருவாடு தட்டில் பொத்தென்று விழுந்தது.

"எந்தக் கட்டையில போறவன் அப்படிச் சொன்னான்? என் வாசலையா? என் பேத்தி படுத்திருக்கற வீட்டையா?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "அதோ, அந்தக் கதவுகிட்டயே நிறுத்தி வெச்சுக் கேட்டேன். எங்கடா உதறினேன்னு. வேலை செய்யற இடத்துல உதறிட்டு வந்தேன் அத்தேன்னான். அப்பவும் எனக்கு மனசு ஆறல. கொய்யா இலை போட்டு வெந்நீர் காய்ச்சித் தலையோட ஊத்தினப்புறம்தான் உள்ள விட்டேன். என்னையா கேக்கறே?"

"வேலை செய்யற இடத்துலன்னா, கோபுரத்துலயா?"

"வேற எங்க? ஒம்பது, ஒம்பதரைக்கு வந்தான். முகத்துல ரத்தமே இல்ல."

ஆர்னெல் விழுந்தது எட்டு மணிக்கு. நீலோ மெல்லச் சீழ்க்கை அடிக்கப் போனான். கிரிசந்தாவின் முழங்கை அதைத் தடுத்தது.

பாசிங்கின் கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "நீங்க அவன் ஆபீஸ்தானே? அவனை ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க. தூங்கறதே இல்ல. கண் அசந்தாலும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறான். என் மக பயந்து குழந்தையைத் தூக்கிட்டு என் பாயில வந்து படுத்துக்கறா."

திரும்பும் வழியில், ஜீப்னி வண்டியின் பின்சீட்டில் இடிபட்டுக்கொண்டே நீலோ சொன்னான்: "மேடம், கதை முடிஞ்சுது. பச்சை நாடாக்காரன் அங்கதான் இருந்திருக்கான். ஆளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ரெண்டு போடு போட்டா..."

"ரெண்டு போட்டா இன்னொரு பொய் சொல்லுவான். அவன் பொய் சொல்ல முடியாத இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு." கிரிசந்தா மேலே கையைக் காட்டினாள்.

நீலோவுக்கு ஜீப்னியின் மேற்கூரைதான் தெரிந்தது. அதுவே அவனுக்குப் போதுமான உயரம்.

"மேடம், நான் நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டறதுக்கே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடறவன்."

"தெரியும். மூணு மணிக்கு ரெண்டு டிக்கெட் சொல்லிட்டேன்."

*

பாக்கெட்டில் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். சில்லறை, கைக்கடிகாரம், நீலோவின் ஜெபமாலை, கிரிசந்தாவின் மாம்பழப் பொட்டலம் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போயின. ஜெபமாலையை மட்டும் விடச் சொல்லி நீலோ கெஞ்சினான். இருநூறு மீட்டர் மேலேயிருந்து விழுந்தால் அதுவும் கீழே ஒருவன் மண்டையைப் பிளக்கும் என்று ரோவேனா சொன்னாள். காதுக்குள் சின்ன ஒலிபெருக்கி வைத்த தலைக்கவசத்தை மாட்டினாள். மேலே காற்றில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. எல்லோர் குரலும் காதுக்குள்தான் வரும்.

ஜோவித் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது, கன்னம் ஒட்டியிருந்தது. அவன் நீலோவின் வாரைப் பிடித்து இழுத்தான். மறுபடி இழுத்தான். ஐந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பச்சை நாடாவைக் கட்டினான்.

"இப்பல்லாம் ரெண்டு கொக்கி," என்றான் ஜோவித். "முன்னாடி ஒண்ணுதான்."

கதவு திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது.

முதலில் ஜோவித். அவனுக்குப் பின்னால் நீலோ. அப்புறம் கிரிசந்தா. அவளுக்குப் பின்னால் மணிலாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. கடைசியில் ரோவேனா. நூற்று அறுபது படிகள். படிகள் சல்லடைக் கம்பியால் ஆனவை, காலுக்கடியில் ஊர் தெரிந்தது. ஒரு பக்கம் கடல், மக்தான் தீவுக்குப் போகும் பாலங்கள், தீப்பெட்டி அளவில் கப்பல்கள் எல்லாம் இருந்ததாகப் பிற்பாடு கிரிசந்தா சொல்லித்தான் நீலோவுக்குத் தெரியும். அவன் முன்னால் போகும் ஜோவித்தின் முதுகைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஐம்பதாவது படியில் தனக்குத் தெரிந்த புனிதர்களின் பெயர்கள் தீர்ந்துவிட்டன. அப்புறம் தன் பழைய வாத்தியார்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஏறினான்.

ஏறும்போதே ஒன்றைக் கவனித்தான். எட்டாவது வளைவில், வடக்குப் பக்கம், ஜோவித் ஒரு படியை மிதிக்காமல் தாண்டினான். அந்தப் படி நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாண்டும்போது அவன் தலைக்கவசத்தைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தான். நீலோவும், எதற்கு வம்பு என்று, அந்தப் படியைத் தாண்டிக் கால் வைத்தான்.

உச்சியில் ஒரு சின்ன மேடை. ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கலாம். மேகம் இறங்கிவந்து மேடையை மூடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் வெளிப்பக்கம் பார்த்து நிற்கச் சொன்னான் ஜோவித். நீலோ மட்டும் திரும்பவில்லை. ஜோவித்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எண்ணுங்க," என்றது காதுக்குள் ஜோவித்தின் குரல். எண்ணச் சொல்லும் வழிகாட்டி கணக்கில் சேரமாட்டான்.

"ஒண்ணு," என்றான் நீலோ. அது அவன் குரலாகவே இல்லை.

"ரெண்டு," என்றாள் கிரிசந்தா. தம்பதிகள் மூன்றும் நான்கும் சொன்னார்கள். "அஞ்சு," என்று ரோவேனா முடித்தாள்.

காற்று ஒரு நொடி ஓய்ந்தது.

"ஆறு."

தாழ்ந்த, கரகரத்த ஆண் குரல். நிதானமாக, வேலை முடிந்த ஆள் சொல்வதுபோல வந்தது. புதுப்பெண் வீறிட்டாள். அவள் புருஷன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ரோவேனா சிலுவை போட்டுக்கொண்டு, "நோங் ஆர்னெல்," என்று, மூத்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல முனகினாள். உயிரோடு இருந்தவரை, கடைசியில் நின்று கடைசி எண்ணைச் சொன்னவன் ஆர்னெல்தான்.

நீலோ கத்தவில்லை. அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

"ரோவேனா," என்றாள் கிரிசந்தா, "இந்தப் பிள்ளைங்களைக் கீழ கூட்டிட்டுப் போம்மா. நாங்க பின்னாடி வரோம்."

மூன்று பேரும் படியிறங்கி மேகத்துக்குள் மறையும்வரை கிரிசந்தா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "ஜோவித், இப்ப ஆறுன்னு சொன்னது யாரு?"

"நோங் ஆர்னெல்." அவன் கண்கள் கலங்கியிருந்தன. "தினமும் சொல்றார். அவர் இன்னும் இறங்கல மேடம்."

"நீதான்டா சொன்ன," என்றான் நீலோ. "எல்லாரும் வெளிப்பக்கம் பார்த்தாங்க. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் இல்ல, உன் மூஞ்சியைத்தான் பார்த்துட்டு நின்னேன். உன் உதடு அசைஞ்சுது. குரல் உன் தொண்டையிலேர்ந்துதான் வந்துது."

ஜோவித் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். அடுத்தவன் வாயைத் தொடுவதுபோல விரலை வைத்தான். அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. நீலோவுக்கு அப்போதுதான் சரியான பயம் வந்தது.

"அன்னிக்குக் காலையில நீ இங்க வந்த," என்றாள் கிரிசந்தா. "சாவு வீட்டுலேர்ந்து வந்தவன், உதறிட்டுப் போக இங்க வந்திருக்கே. உன் மாமியார் சொன்னாங்க."

அவன் அப்படியே மேடையில் சரிந்து உட்கார்ந்தான்.

"ரெண்டு நாள் தூக்கம் இல்ல மேடம். பேருந்துலேர்ந்து இறங்கின நேரத்துக்கு ஒரு ரொட்டிக் கடையும் திறக்கல. சரி, ஆபீஸ்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவோம்னு வந்தேன். நோங் ஆர்னெல் வாரைக் கட்டிட்டு நிக்கறார். ரோவேனா வரல, நாடா கட்ட ஆள் இல்ல. நல்ல நேரத்துக்கு வந்தடா, கட்டுன்னார். நான் கட்டினேன். கொக்கியை இழுத்துப் பார்க்கல. கண்ணே திறக்கல எனக்கு. அவர் கொக்கியை மாட்டியிருந்தார், திருகை மூட மறந்திருக்கார். ஒரு தரம் இழுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றான் அவன். "மாமாவோட ஆவியை நான் இங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போனேன். போற வழியில விட வேண்டியதை அவர் பக்கத்துல விட்டேன். அது அவரைக் கூட்டிட்டுப் போயிடுச்சு. நான்தான் கொன்னேன்."

"உன் மாமாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டான் நீலோ.

"எண்பத்திநாலு."

"நடப்பாரா?"

"முட்டி வலி. கட்டிலை விட்டு இறங்கியே மூணு வருஷம் ஆச்சு."

"அப்ப அவர் நூத்தி அறுபது படி ஏறி வந்து ஆளைத் தள்ளினார்ங்கறே. நானே ஏறியிருக்கேன், எனக்குத் தெரியும். நியாயமாப் பேசுடா."

ஜோவித்தின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, பாதியிலேயே கோணிப் போயிற்று. அவன் எழுந்தான். ஒரு கை முதல் கொக்கிக்குப் போனது. திருகு சுழன்றது. கொக்கி கழன்று காற்றில் ஆடியது. கை இரண்டாவது கொக்கிக்குப் போனது.

எப்படிப் பாய்ந்தான் என்று நீலோவுக்கே தெரியாது. ஜோவித்தின் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். அவர்கள் இரண்டு பேரும் விளிம்புக் கம்பியில் மோதினார்கள். மேகம் விலகி, கீழே மொத்த நகரமும் தெரிந்தது. நீலோ முதல் முறையாக அதைப் பார்த்தான்.

"விடுடா!"

"விடமாட்டேன். விட்டா நானும் விழுவேன். எனக்கு இன்னும் சம்பளம்கூடக் கொடுக்கல அந்தம்மா."

கிரிசந்தா நிதானமாக வந்து, தொங்கிய கொக்கியைத் திரும்ப மாட்டித் திருகை மூடினாள். பிறகு அதை இழுத்துப் பார்த்தாள்.

"ஜோவித், நல்லாக் கேளு. எஸ்தெலா முப்பத்தொம்பது நாளா புருஷன் தன்னை வேணாம்னு குதிச்சான்னு நெனைச்சுட்டு உக்காந்திருக்கா. நான் போய் இல்லைன்னு சொன்னா, கூலிக்குச் சொல்றேன்னு நெனைப்பா. அந்தக் காலையில அவன்கூட இருந்தவன் நீ ஒருத்தன்தான். நீயும் குதிச்சுட்டா அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும்."

ஜோவித் கொக்கியிலிருந்து கையை எடுத்தான். பிறகு படிப்பக்கம் திரும்பினான். நீலோ அவன் வாரைக் கீழே வந்து சேரும்வரை விடவில்லை.

*

அந்தி சாயும் நேரத்தில் எஸ்தெலாவின் வீட்டு முற்றத்தில் பெண்கள் மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோவித்தைக் கண்டதும் கத்திச் சத்தம் நின்றது. அவன் உள்ளே போய் ஆர்னெலின் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, ஒன்று விடாமல் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு நாடா கட்டியதைச் சொல்லும்போது எஸ்தெலா கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் வாயிலேயே வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"நாளன்னிக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன், நாங்," என்றான். "ஜெயில்னாலும் சரி."

அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "வெளிய போறதுக்கு முன்னாடி கடைசியா உன்கிட்ட என்ன சொன்னார்?"

"திட்டினார். எருமை மாதிரி தூங்கறியேடான்னார். அப்புறம், பத்து நிமிஷத்துல வந்துடறேன், கீழ போய்ப் புசோ வாங்கிட்டு வா, சோறு கட்டின ஓலை தொட்டா சுடணும், ஆறின சோறு எனக்கு இறங்காதுன்னார்."

"எத்தனை?"

"என்னது நாங்?"

"எத்தனை புசோ கேட்டார்?"

"நாலு."

"காலையில வீட்டுல மூணு சாப்பிட்டுட்டுத்தான் போனார்," என்றாள் எஸ்தெலா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று வாசலில் நின்ற நீலோவால் சொல்ல முடியவில்லை. கிரிசந்தா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்த நாலையும் என்ன பண்ணின?"

"வாங்கிட்டுத் திரும்பறேன், அதுக்குள்ள கீழ கூட்டம் கூடிடுச்சு. பையோட ஓடினேன். கடற்கரையில உக்காந்து நானே சாப்பிட்டேன் நாங். தூக்கிப் போட மனசு வரல."

அவள் கறுப்புச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"உன்னை மன்னிக்க எனக்கு நாளாகும், ஜோவித். ஆனாலும் நாளைக்குக் காலையில ஜெபத்துக்கு வந்துடு. அவர் கிளம்பும்போது நீயும் இருக்கணும்."